நீல ரிப்பன், ரோஸ் ரிப்பன்

சீட்டில் ‘பெண்’ என்று வந்ததும் சுவிசேஷமுத்து மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வேட்டி முனையில் துடைத்தார். அந்த நிமிஷமே ஜெரூஷா உஷாராகியிருக்க வேண்டும். மாமனார் கண்ணாடியைத் துடைத்தால் பேச்சு இன்னும் முடியவில்லை என்று அர்த்தம்.

“இது டெஸ்ட் ரன்” என்றார் அவர். “இன்னொரு தடவை ஜெபம் பண்ணி எடுப்போம்.”

“கர்த்தர்கிட்ட டெஸ்ட் ரன் உண்டா தாத்தா?” என்று கேட்டாள் அபிகாயில். நாலாவது படிக்கிறாள்.

“வாயை மூடுடி” என்றான் அவள் அப்பா ஆபேல், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

வெள்ளிக்கிழமை குடும்ப ஜெபம் முடிந்த கையோடு நடந்தது இது. ஒரு காரியத்தில் வீடு இரண்டு பட்டால், ஜெபம் பண்ணி, இரண்டு சீட்டு எழுதி, வேதப்புத்தகத்தின் மேல் குலுக்கிப் போட்டு, சின்னப்பிள்ளையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வது அந்தக் குடும்பத்தின் வழக்கம். ஆபேலின் படிப்பு அப்படித்தான் முடிவானது. பம்மலில் இந்த வீட்டை வாங்குவதும் அப்படித்தான். ஆபேலுக்கு ஜெரூஷாவைப் பார்த்ததும்கூட அப்படித்தான் என்று கல்யாணத்தன்று மாமனார் மைக்கில் சொன்னார்.

ஒரு தடவை எடுத்த சீட்டை மறுபடி எடுத்ததாக அவர் எந்த இடத்திலும் சொன்னதில்லை.

அபி இரண்டாம் தடவையும் எடுத்தாள். ‘பெண்’. கைதட்டிக்கொண்டு வாசலுக்கு ஓடினாள்.

“சரி. கர்த்தருடைய சித்தம்” என்று சுவிசேஷமுத்து எழுந்து போனார். கண்ணாடியை இன்னும் துடைத்துக்கொண்டிருந்தார்.

போர்வெல் மோட்டாரை யாரோ கழற்றிக்கொண்டு போனதிலிருந்து அந்த வீட்டில் நாய்ப் பேச்சுதான். திருநீர்மலை அடிவாரத்தில் பூ விற்கும் பொன்னியம்மாள், தன் வீட்டு நாய் போட்டதில் மிஞ்சிய இரண்டு குட்டிகளை அட்டைப்பெட்டியில் கொண்டுவந்து வைத்தாள். ஒன்று ஆண், ஒன்று பெண். இரண்டும் ஒரே பழுப்பு, ஒரே கறுத்த மூஞ்சி. “வெச்சினு பாருங்க. எது புடிக்குதோ அத நிறுத்திக்குங்க” என்றாள்.

சுவிசேஷமுத்து ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். பச்சைக் கொடி, சிவப்புக் கொடி காட்டியே வேலைக்காலம் முழுவதும் வண்டி அனுப்பியவர். பொன்னியம்மாள் சொன்ன உடனே, கிறிஸ்துமஸ் ஸ்டாருக்குக் கட்டி மிஞ்சிய சாட்டின் ரிப்பனை எடுத்துவந்து, ஆணுக்கு நீலம், பெண்ணுக்கு ரோஸ் என்று கட்டிவிட்டார். “இனி குழப்பமே வராது” என்றார்.

நீல ரிப்பனுக்கு அவரே டைகர் என்று பெயர் வைத்தார். ரோஸ் ரிப்பனுக்கு அபி மிட்டாய் என்று வைத்தாள்.

டைகர் தண்ணீர் கேன் போடுகிறவரின் லுங்கியைக் கடித்து இழுத்தது. கேட்டுக்கு வெளியே பூனை போனால்கூட எகிறியது. மிட்டாய்க்குக் குக்கர் விசில் அடித்தாலே போதும், அபியின் பள்ளிக்கூட ஷூவுக்குள் தலையை நுழைத்துக்கொள்ளும்.

“பார்த்தியா? ஆம்பளன்னா ஆம்பளதான். ரத்தத்துலயே இருக்கு” என்று மாமனார் காலையிலும் சொன்னார், சாயங்காலமும் சொன்னார். பெண் நாய் ஏன் கூடாது என்பதற்கும் அவரிடம் காரணங்கள் இருந்தன. பருவத்துக்கு வந்தால் தெரு நாயெல்லாம் கேட்டில் நிற்கும். ஜெபக்கூட்டத்துக்கு வருகிறவர்கள் முகத்தில் எப்படி முழிப்பது? வருஷத்துக்கு இரண்டு தடவை குட்டி போடும். அதை யார் தலையில் கட்டுவது?

“ஒரு ஆபரேஷன் பண்ணினா முடிஞ்சுது மாமா” என்று ஜெரூஷா சொல்லிப் பார்த்தாள். “ரெண்டையும் வச்சுக்கலாமே” என்றும் சொல்லிப் பார்த்தாள்.

“நம்ம வீடு என்ன கால்நடை ஆஸ்பத்திரியா?”

அவள்தான் கடைசியில் சீட்டு போடலாம் என்றாள். அவர் மறுக்க முடியாத ஒரே வழி அதுதான் என்று நினைத்தாள்.

*

சனிக்கிழமை விடிவதற்கு முன்பே ஜெரூஷா தாம்பரத்துக்குக் கிளம்பிவிட்டாள். ஸ்டேஷனுக்கு மேற்கே ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அவள் சீனியர் டெக்னீஷியன். வெறும் வயிற்றோடு ரத்தம் கொடுக்க வருகிறவர்களின் கூட்டம் சனிக்கிழமைகளில் வாசல் வரை நிற்கும். மத்தியானம் வேலை முடிந்ததும் மார்க்கெட் பக்கம் போய்க் குட்டிகளுக்குப் பூச்சி மருந்து வாங்கினாள். கூடவே ரோஸ் நிறத்தில் குட்டியாக ஒரு கழுத்துப் பட்டை. அபியின் முகம் எப்படி மலரும் என்று பஸ்ஸில் நினைத்துக்கொண்டே வந்தாள்.

அபி வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். அழுது அழுது கண் வீங்கியிருந்தது. மடியில் ஒற்றை ஷூ.

டைகர் வராந்தாக் கம்பியில் கட்டியிருந்தது. அட்டைப்பெட்டியைக் காணோம்.

“மிட்டாய் எங்கடி?”

உள்ளேயிருந்து மாமனாரின் குரல் வந்தது. “பொன்னியம்மாகிட்ட திருப்பிக் கொடுத்தாச்சு. வந்து சாப்பிடு.”

“சீட்டுல பெண்ணுன்னு வந்துச்சே மாமா.”

“யோசிச்சுப் பார்த்தேன். மிருகங்க விஷயத்துக்கெல்லாம் சீட்டு போடுறது தப்பு. தேவ நாமத்தை வீணா...”

அப்போது தலைக்கு மேல் விமானம் இறங்கியது. பம்மலில் சண்டை போடுகிறவர்கள் விமானத்துக்கு வழிவிட்டுத்தான் போட வேண்டும். அது மீனம்பாக்கம் பக்கம் போய்ச் சேரும்வரை ஜெரூஷா மாமனாரின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் தட்டில் இருந்த மீன் முள்ளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

சத்தம் அடங்கியதும் பொன்னியம்மாளுக்குப் போன் போட்டாள்.

“எங்கிட்ட யாரும் குடுக்கலியேம்மா” என்றாள் பொன்னியம்மாள். பின்னால் கோயில் மணிச் சத்தம். “காலீல சாரு போன் பண்ணாரு. ஆம்பளன்னா குடுங்க சார், கேட்டுகினு ஆளு கீது, பொட்டய திருப்பி எட்த்துக்க மாட்டேன்னு சொல்லிட்டேன். நானும் எத்தினிய வெச்சி சோறு போடுவேன், சொல்லு?”

ஜெரூஷா போனை இறக்கினாள். ஆபேல் படுக்கையறை வாசலில் நின்றுகொண்டிருந்தான். இன்ஷூரன்ஸ் கம்பெனியில் கிளெய்ம் பார்க்கிறவன். ஊரார் சொல்லும் பொய்யையெல்லாம் முகத்தை வைத்தே கண்டுபிடிப்பதாகச் சொல்லிக்கொள்வான்.

“எங்க?” என்றாள்.

“ஜெரூ, முதல்ல உட்காரு.”

“எங்க விட்டீங்க?”

“துரைகிட்ட கொடுத்தேன். அவன் திருநீர்மலைப் பக்கம்தான ஷேர் ஆட்டோ ஓட்டுறான். ஏரிக்கரையில...” குரல் இறங்கியது. “அங்க நிறைய நாய்ங்க இருக்கு. அதுங்களோட சேர்ந்து பிழைச்சுக்கும்.”

“ஷூவுக்குள்ள ஒளிஞ்சுக்கிற குட்டி. அது பிழைச்சுக்குமா?”

“அப்பா ஒரே பிடியா நின்னாரு. நான் என்ன பண்றது?”

“எனக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாம்.”

“உனக்குப் பண்ணினா நீ ஒத்துக்க மாட்டே.”

எவ்வளவு நேர்மையான பதில் என்று அவளுக்குத் தோன்றியது. அதற்காகத்தான் பண்ணவில்லை. அவள் ரத்தம் எடுத்துக்கொண்டிருந்த நேரம் பார்த்துச் செய்திருக்கிறார்கள். அப்பாவும் மகனும் சேர்ந்து, பிள்ளையை முன்னால் வைத்துக்கொண்டே.

“அபி எதிர்லயா கொடுத்தீங்க?”

வாசலிலிருந்து அபி சொன்னாள். “நான் ஆட்டோ பின்னாடியே ஓடினேம்மா. தாத்தா பிடிச்சு உள்ள கூட்டிட்டு வந்துட்டாங்க.”

துரை இரண்டாவது அழைப்பில்தான் எடுத்தான். “அக்கா, தாம்பரம் டிரிப்பு போய்கினு இருக்கேன்கா. இன்னா மேட்டரு? குட்டியா? சார்தான்கா சொன்னாரு. பாவமாத்தான் இருந்துச்சு, ஒரு பன்னு வாங்கி பெட்டில போட்டுட்டுதான் வந்தேன்.”

“எந்த இடம்?”

“போன்ல சொன்னா உனக்கு புரியாதுக்கா. கரை நீளமா போவுது. இந்த டிரிப்பு இறக்கிட்டு நானே வந்து கூட்டிகினு போறேன். கோவிச்சுக்காத.”

ஜெரூஷா ஆபேலைப் பார்த்தாள். “வண்டியை எடுங்க. அவன் வர்றதுக்குள்ள நாம போய்ப் பார்த்துடலாம்.”

“இந்த வெயில்ல எங்க போய்த் தேடுறது? விடு ஜெரூ. ஒரு தெரு நாய்க்குட்டிக்கு இவ்வளவா?”

மாமனார் கை கழுவிவிட்டு வந்தார். “வீட்டுக்கு எது நல்லதுன்னு பார்த்துத்தான் செஞ்சிருக்கோம். அதை ஒரு கலாட்டா ஆக்காதே. நாளைக்கு உனக்கே புரியும். பொட்டையை வச்சுக்கிட்டு காவலா இருக்க முடியும்?”

அவள் சாப்பிடவில்லை. கோபத்தில் அவளுக்கு வாய் வராது, கைதான் வேலை செய்யும். பாத்திரம் தேய்த்தாள். தேய்த்த பாத்திரத்தையே இன்னொரு தடவை தேய்த்தாள். அபி எழுந்துவந்து அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

“அம்மா, நானும் பெண்ணுதான?”

அந்தக் கேள்வி ஹாலில் இருந்த இரண்டு பேருக்கும் கேட்டிருக்கும். டிவியின் சத்தத்தை யாரோ கொஞ்சம் கூட்டினார்கள்.

*

வெயில் தாழ்ந்தும் துரை வரவில்லை. பல்லாவரத்தில் டிராஃபிக் என்று செய்தி அனுப்பியிருந்தான்.

சும்மா இருக்க முடியாமல் ஜெரூஷா பூச்சி மருந்தை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்கு வந்தாள். மிட்டாய் இல்லாவிட்டாலும் டைகருக்குக் கொடுத்துத்தானே ஆக வேண்டும். அதன்மேல் அவளுக்கு என்ன கோபம்? ஊசி இல்லாத சிரிஞ்சில் மருந்தை இழுத்துக்கொண்டு குட்டியைத் தூக்கினாள். டைகர் திமிறியது, உறுமியது, விரலைக் கடிக்கப் பார்த்தது. மடியில் மல்லாத்திப் போட்டு, ஒரு கையால் அமுக்கிப் பிடித்து, வாயோரத்தில் மருந்தை விட்டாள். வாயைத் துடைத்துவிட்டு, கையை எடுக்கப் போனவள் குனிந்து பார்த்தாள்.

இன்னொரு முறை பார்த்தாள். சந்தேகத்துக்கு இடமே இல்லை.

அவளுக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. பொன்னியம்மாள் சொல்லிச் சொல்லித்தானே ரிப்பன் கட்டினார்கள்? பிறகு குட்டிகள் வந்த முதல் நாள் ஞாபகம் வந்தது. குட்டிகள் சேற்றில் புரண்டுவிட்டன என்று மாமனார் ஹோஸ் பைப் போட்டுக் குளிப்பாட்டினார். ரிப்பன்களைக் கழற்றித் துவைத்துக் கொடியில் காயப்போட்டார். சாயங்காலம் மறுபடி கட்டும்போது, கையைக் கடித்த குட்டியைத் தூக்கிப் பிடித்து, “வாடா ஆம்பளச் சிங்கம்” என்று நீல ரிப்பனைக் கட்டினார். பெட்டி மூலையில் நடுங்கிக்கொண்டிருந்ததற்கு ரோஸ்.

அவர் பார்க்கவில்லை. கடித்ததா, நடுங்கியதா என்று மட்டும் பார்த்திருக்கிறார்.

வேறு யாருமே பார்க்கவில்லை. ஆபேல் குட்டிகளைத் தொட்டதே இல்லை. அபி அன்றைக்கே ஒரு குட்டியைப் புரட்டி வயிற்றைத் தடவினாள். “பொம்பளப் பிள்ளை அங்கெல்லாம் பார்க்கக் கூடாது” என்று தாத்தா அதட்டியதோடு சரி. தினம் நூறு பேரின் ரத்தத்தைக் கண்ணாடி ஸ்லைடில் வைத்துப் பார்க்கிற தானும் ரிப்பனைத்தான் நம்பியிருக்கிறோம் என்பது ஜெரூஷாவுக்கு உறைத்தது. ஒரு வாரமாக ஆணா பெண்ணா என்று ஒரு வீடே அடித்துக்கொண்டது. குட்டியைத் தூக்கிப் பார்க்க ஓர் ஆள் இல்லை.

சொல்லாமல் இருந்துவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். டைகரை அவர் கொஞ்சுவதை வேடிக்கை பார்த்துக்கொண்டே இருக்கலாம். ஆனால் ஏரிக்கரையில் ஒன்று கிடக்கிறதே.

குட்டியைத் தூக்கிக்கொண்டு ஹாலுக்குப் போனாள். டிவியை அணைத்தாள்.

“மாமா, இது பெண்.”

“எது?”

“உங்க ஆம்பளச் சிங்கம்.” குட்டியை அவர் முன்னால் மல்லாத்திப் பிடித்தாள். “பாருங்க. நல்லா பாருங்க. கண்ணாடியைத் துடைச்சிட்டே பாருங்க.”

சுவிசேஷமுத்து பார்த்தார். ஆபேலும் குனிந்து பார்த்தான்.

“அப்படின்னா...” என்றான் ஆபேல்.

மாமனார் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். “ஐயையோ! ஆம்பளக் குட்டியையாடா கொண்டுபோய் விட்டுட்டு வந்தோம்? டேய், என்னடா மரம் மாதிரி நிக்கிற? வண்டியை எடு! இருட்டறதுக்குள்ள போ!”

ஆபேல் பாய்ந்து சாவியை எடுத்தான். டார்ச் எங்கே என்று கத்தினான். செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டான். மத்தியானம் வெயிலுக்குப் பயந்தவன்.

ஜெரூஷா குட்டியை மார்போடு இறுக்கிக்கொண்டாள்.

“போறப்போ இதையும் ஒரு பெட்டியில போட்டு எடுத்துட்டுப் போ” என்றார் மாமனார், டைகரைக் காட்டி. “அதை எடுத்துக்கிட்டு இதை அங்க...”

“ஆபேல்!”

மாமனார் முன்னால் அவன் பெயரைச் சொல்லி அவள் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அவன் கை நீட்டியபடியே நின்றுவிட்டான்.

“தொட்டுப் பாரு.”

அவன் கையை இழுத்துக்கொண்டான்.

“தண்ணி கேன்காரரைத் துரத்தினது இவதான் மாமா. ஒரு வாரமா நீங்க காவல் காவல்னு மெச்சிக்கிட்டது இவளைத்தான். இப்ப என்ன குறைஞ்சு போச்சு? உறுமறது நின்னுபோச்சா?”

டைகர் அவள் கையில் இருந்தபடியே அவரைப் பார்த்து உறுமியது. அபி மூக்கைத் துடைத்துக்கொண்டு சிரித்துவிட்டாள்.

சுவிசேஷமுத்து மெதுவாக உட்கார்ந்தார். குரலை மாற்றிக்கொண்டார். சபையில் சாட்சி சொல்கிற குரல். “ஒண்ணு பாரு ஜெரூஷா. சீட்டுல பெண்ணுன்னுதானே வந்துது. நாம மாத்தப் பார்த்தோம், ஆனா பெண்ணுதான் வீட்டுல தங்கியிருக்கு. தேவ சித்தம் எப்படி நிறைவேறியிருக்குன்னு...”

“அப்போ ஏரிக்கரையில கிடக்கிறது யார் சித்தம் மாமா?”

அவர் மறுபடி கண்ணாடியைக் கழற்றினார்.

“உங்க சித்தம், உங்க மகன் சித்தம். அதுல கர்த்தரைச் சேர்க்காதீங்க. மிட்டாய் கிடைச்சா ரெண்டும் இங்கதான் இருக்கும். கிடைக்கலன்னா, இனிமே இந்த வீட்டுல சீட்டு போட என் பிள்ளை கையைக் கேட்காதீங்க.”

வாசலில் ஷேர் ஆட்டோ ஹாரன் அடித்தது. துரை. டைகரை அபியின் கையில் கொடுத்தாள் ஜெரூஷா. “கேட்டைப் பூட்டிக்கோ. இவளை யார் கேட்டாலும் கொடுக்காதே. தாத்தா கேட்டாலும்.”

*

திருநீர்மலை ஏரிக்கரையில் காற்று வீசிக்கொண்டிருந்தது. மலைமேல் கோயில் விளக்குகள் எரிய ஆரம்பித்திருந்தன. துரை முன்னால் நடந்தான். பின்னால் ஜெரூஷா. ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு ஆபேல் ஓடிவந்து சேர்ந்துகொண்டான்.

“இங்கதான்கா வுட்டேன். இந்தக் கருவேலஞ்செடி பக்கம்.”

பெட்டி இருந்தது. குட்டி இல்லை. பன்னில் ஓரம் மட்டும் கடித்திருந்தது.

ஜெரூஷா குனிந்து பெட்டிக்குள் கையை விட்டாள். ரோஸ் ரிப்பன். எங்கேயும் அறுந்திருக்கவில்லை, பல் பட்டிருக்கவில்லை. மாமனார் எப்போதும் போடும் இரட்டை முடிச்சை யாரோ பொறுமையாக அவிழ்த்து, சுருட்டி வைத்திருந்தார்கள்.

“யாரோ எடுத்துட்டுப் போயிருக்காங்க” என்றான் ஆபேல். அவன் முகத்தில் நிம்மதி தெரிந்தது. “நல்லதுதான். எங்கேயோ நல்லா இருக்கட்டும். வா, போலாம்.”

துரை தலையைச் சொறிந்தான். “நான் கிளம்பும்போது அந்தாண்ட ஒரு பொம்பள நின்னுகினு பாத்துச்சுக்கா. கீழ அந்த ஓட்டு வூட்டாண்ட.”

கரைக்குக் கீழே நாலைந்து வீடுகள். ஒன்றில் மட்டும் விளக்கு.

ஜெரூஷாவின் போன் அடித்தது. மாமனார்.

“கிடைச்சானா?”

மத்தியானம் மீன் முள்ளைப் பொறுக்கிக்கொண்டிருந்த அதே மனிதர். அப்போது திருப்பிக் கொடுத்த சாமானாக இருந்த குட்டி இப்போது காணாமல் போன பிள்ளையாகிவிட்டது. குரல்கூட நடுங்கியது. ஜெரூஷா போனை இறுக்கிப் பிடித்தாள்.

“தேடிட்டிருக்கோம் மாமா” என்றாள். “டைகருக்குப் பால் வைங்க. அபி வைக்க வேண்டாம், நீங்களே வைங்க. அவ பசி தாங்க மாட்டா.”

தலைக்கு மேல் ஒரு விமானம் விளக்கு மின்ன இறங்கிக்கொண்டிருந்தது. அவள் அதற்கு வழிவிடவில்லை.

“கேட்குதா மாமா? நீங்களே வைங்க” என்று சத்தத்துக்கு மேலே கத்தினாள்.

பிறகு போனை இடுப்பில் செருகிக்கொண்டு, ரிப்பனை விரலில் சுற்றியபடி, விளக்கு எரிந்த வீட்டை நோக்கிக் கரையிலிருந்து இறங்கினாள். ஆபேல் ஸ்கூட்டரைத் திரும்பிப் பார்த்தான். அதன் பக்கம் ஓர் அடி எடுத்து வைத்தான். நின்றான்.

கீழே அந்த வீட்டுக் கதவு, யாரும் தட்டுவதற்கு முன்பே, திறந்தது.